நானூறு டாலர் பேட்டும் நாலரை அடிப் பிள்ளையும்

பத்து வயதுப் பிள்ளைக்குப் பேஸ்பால் பேட் என்றால் காம்போசிட்தான் வாங்க வேண்டும். அலுமினியம் கற்றுக்குட்டிகளுக்கு, மரம் பரண்மேல் போட. அமெரிக்காவில் குளிர் விலகத் தொடங்கும் மாதங்களில் விளையாட்டுச் சாமான் கடையிலும், மைதான ஓரத்து மடக்கு நாற்காலிகளிலும், அங்கே குடியேறிய நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதுதான் முடிந்த முடிவு. எந்த மாடல், எந்த நிறம் என்று கேட்கிறார்களே தவிர, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு இந்த முடிவு தாக்குப்பிடிக்காது என்பதே என் கட்சி.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் நிறுத்திவிடுவோம். காம்போசிட் என்பது கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக இறுக்கிச் செய்த பொருள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் என்பதை வடிவமைப்பவர் தீர்மானிக்கலாம். உலோகக் குழாயில் அந்தச் சுதந்திரம் குறைவு. அதனால் பேரல், அதாவது பந்தில் படும் தடித்த பகுதி, நீளமாக இருந்தும் கனக்காமல் செய்ய முடிகிறது. பந்து நடுவில் படாமல் சற்றுத் தள்ளிப் பட்டாலும் அடி முழுதாகச் செத்துப்போவதில்லை. கைப்பிடியையும் பேரலையும் தனித்தனியாகச் செய்து இணைத்த பேட்டுகளில் கைக்கு ஏறும் அதிர்வு குறைவு. பழகப் பழக அடியின் வேகம் கூடுகிறது. கடைசியாக மனம் சார்ந்த வாதம்: அணியில் பாதிப் பேர் வைத்திருக்கும்போது நம் பிள்ளை மட்டும் ஏன் மட்டமான பேட்டோடு நிற்க வேண்டும்?

இவற்றில் பொய் என்று ஒதுக்கத்தக்கது ஏதுமில்லை. இவற்றைக் கூட்டிக் கடைசியில் எழுதும் விடைதான் தவறு. 350 டாலரையும் தாண்டும் ஒரு பொருளுக்கு அந்த விடை போதுமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. விதி அனுமதிக்காத வேகத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

காம்போசிட்டின் புகழ் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே முதல் ஓட்டை தெரிந்துவிடும். பந்து மரத்தில் மோதும்போது பந்துதான் நசுங்குகிறது. நசுங்கும் பந்து தன் ஆற்றலில் பெரும்பங்கை வெப்பமாக இழக்கிறது. உள்ளே கூடான பேரலோ, மோதும் கணத்தில் தானும் சற்று அமுங்கி, அந்த ஆற்றலை வாங்கித் திருப்பித் தருகிறது. மோதல் முழுவதும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு நேரத்தில் முடிந்துவிடும். டிராம்போலின் விளைவு என்று அழைக்கப்படும் இதில் காம்போசிட் கெட்டிக்காரன். சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு 2018 ஜனவரி 1 முதல் சிறுவர் ஆட்டத்தின் பெரும்பகுதியில் கூரை போட்டாகிவிட்டது. யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பு கொண்டுவந்த 'யுஎஸ்ஏ பேட்' தரம், பேட் எந்தப் பொருளால் ஆனாலும் அதன் அடி மரத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்கிறது. லிட்டில் லீக், போனி, பேப் ரூத் போன்ற அமைப்புகள் அதை ஏற்றுக்கொண்டன. அந்தத் தரத்தின் முத்திரை இல்லாத பேட்டோடு களமிறங்கினால் ஆட்டக்காரர் அவுட். முழு மரத்தில் கடைந்த பேட்டுக்கு மட்டும் முத்திரை தேவையில்லை. அதை அளவுகோலாக வைத்துத்தானே மற்றவை அளக்கப்படுகின்றன.

இதன் பொருள் எளிது. இந்த லீக்குகளில் 350 டாலர் காம்போசிட்டும் 100 டாலர் அலுமினியமும் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. காம்போசிட் எதற்குப் பெயர் பெற்றதோ அதைச் செய்ய அதற்கு அனுமதி இல்லை. மிஞ்சுவது, தவறிப் பட்ட பந்தை ஓரளவு மன்னிக்கும் நீண்ட பேரலும் கைக்குச் சுகமும்தான். அவற்றுக்கும் ஒரு விலை உண்டு. மூன்று மடங்கு விலை உண்டா என்பதே கேள்வி.

"என் பிள்ளை டிராவல் பால் ஆடுகிறான், அங்கே யுஎஸ்எஸ்எஸ்ஏ முத்திரை" என்பவர்களுக்கு நியாயமான பதில் உண்டு. ஊர் ஊராகப் போய் ஆடும் அந்தப் போட்டிகளுக்கு யுஎஸ்எஸ்எஸ்ஏ அமைப்பு வைத்திருக்கும் தரம் தளர்வானது, 1.15 என்று பொறித்த அந்தப் பேட்டுகளில் காம்போசிட்டின் வேகம் நிஜம். ஆனால் அதே வேகம் எதிரே நிற்கும் சிறுவனை நோக்கியும் போகிறது. லிட்டில் லீக்கில் பந்து வீசும் பிட்சர் நிற்கும் தூரம் 46 அடி. பந்தை வீசி முடிக்கும்போது அவன் இன்னும் நெருங்கியிருப்பான். மணிக்கு 70 மைல் வேகத்தில் திரும்பும் பந்து 46 அடியைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. மகனுக்கு வேகமான பேட் கேட்கும் அப்பா, அடுத்த இன்னிங்ஸில் அதே மகன்தான் பிட்சர் மேட்டில் நிற்கிறான் என்பதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

2. பழகப் பழக அடி கூடுவது புகழா, குற்றச்சாட்டா?

விற்பவர்கள் இதைச் சிறப்பு என்கிறார்கள். விதி வகுப்பவர்களுக்கு இது பல ஆண்டுத் தலைவலி. காம்போசிட் பேரலில் பந்து மோத மோத, இழைகளைப் பிடித்திருக்கும் பிசினில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. சுவர் இளகுகிறது, அதனால் அதிகம் அமுங்குகிறது, அதனால் அடி கூடுகிறது. பேட் மெதுவாக உடைந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அழகான பெயர்தான் 'பழகுவது'.

கல்லூரி ஆட்டத்தை நடத்தும் என்சிஏஏ, 2009இல் தன் இறுதித் தொடரில் காம்போசிட் பேட்டுகளைச் சோதித்தது. புதிதாக இருந்தபோது தேர்ச்சி பெற்றவற்றில் பெரும்பாலானவை பயன்பாட்டுக்குப் பிறகு வரம்பைத் தாண்டியிருந்தன. காம்போசிட் பேரலுக்குத் தடை வந்தது. 2010 இறுதியில் லிட்டில் லீக்கும் தன் பிரிவுகளில் தடை விதித்து, விலக்குப் பெற்ற சில மாடல்களை மட்டும் விட்டுவைத்தது. அதன் பிறகே, பேட்டைச் செயற்கையாகப் பழக்கிவிட்டுச் சோதிக்கும் முறை நிலைபெற்றது.

அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. புதிய தரம் அமலுக்கு வந்த அதே 2018ஆம் ஆண்டில், ஈஸ்டன் நிறுவனத்தின் விலை உயர்ந்த காம்போசிட்டான கோஸ்ட் எக்ஸ், 30 அங்குலம் 20 அவுன்ஸ் அளவில், செயல்திறன் வரம்பை மீறியதாக அங்கீகாரத்தை இழந்தது. பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே. சிறுவர்கள் அதிகம் வாங்கும் அளவுகளில் அதுவும் ஒன்று. உச்ச விலை கொடுத்து வாங்கிய பேட், பிள்ளை ஏதும் தப்புச் செய்யாமலேயே களத்துக்குள் நுழையத் தகுதி இழந்தது. அலுமினியம் அடிபட அடிபட நெளியும். வேகம் கூடிச் சட்டத்தை மீறாது.

பழக்குவதற்கான வேலையை யார் செய்வது என்பதும் இருக்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 150 முதல் 200 அடி, ஒவ்வோர் அடிக்கும் பேட்டைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி. அதைச் செய்யப் பொறுமையில்லாதவர்கள் காசு கொடுத்து உருளையில் நசுக்குகிறார்கள். சிலர் உட்சுவரைச் சுரண்டுகிறார்கள். இரண்டும் விதிமீறல். பழைய காம்போசிட்டை மலிவாக வாங்குகிறவருக்கு, அதன் முந்தைய வாழ்க்கையில் இவற்றில் எது நடந்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

3. 'காம்போசிட் இலேசானது' என்பது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு பேட் வாங்க முடியாது.

பேட்டின் மேல் இரண்டு எண்கள் இருக்கும்: நீளம் அங்குலத்தில், எடை அவுன்ஸில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 'டிராப்' என்கிறார்கள். 30 அங்குலம், 20 அவுன்ஸ் என்றால் டிராப் 10. பெற்றோர் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். சுழற்றும் பிள்ளையின் கைக்குத் தெரிவதோ வேறொன்று: அந்த எடை எங்கே இருக்கிறது என்பது. பேட் ஆய்வாளர்கள் கைப்பிடி முனையிலிருந்து 6 அங்குலம் தள்ளி ஒரு புள்ளியை அச்சாக வைத்து இதை அளக்கிறார்கள். அச்சிலிருந்து தூரம் இரு மடங்கானால் அந்த எடையைச் சுழற்றும் சிரமம் நான்கு மடங்காகும். ஆகவே ஒரே நீளம், ஒரே எடை கொண்ட இரண்டு பேட்டுகளில் ஒன்று கையில் பறக்கும், இன்னொன்று இழுக்கும். நுனி கனத்த காம்போசிட்டும் உண்டு. நுனி இலேசான அலுமினியமும் உண்டு. பொருளின் பெயர் இதைச் சொல்லாது.

இதன் விளைவை எண்ணில் பார்க்கலாம். இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேதன் தொடர்ந்து எடுத்துக்காட்டும் எளிய உறவு இது: அடிபட்ட பந்தின் வேகம் என்பது, வந்த பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு, கூடவே பேட்டின் வேகத்தைப் போல் ஒன்றே கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 1.2. பிட்ச் 50 மைல், பேட் 45 மைல் என்று வையுங்கள். 10ம் 54ம் சேர்ந்து 64 மைல். பேட் நீளமாகவும் நுனி கனத்தும் இருப்பதால் பிள்ளையின் சுழற்சி 41 மைலுக்கு இறங்கினால்? 59 மைல். பேட்டின் நிறை கூடினால் அந்த ஐந்தில் ஒரு பங்கு சற்றே உயரும் என்பது உண்மை. 4 மைல் சுழற்சி இழப்பை அது ஈடுகட்டாது. வேகத்தைவிடப் பெரிய இழப்பு, பந்து தாண்டிப் போன பிறகு பேட் வந்து சேர்வது.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் காலை வாருகிறது. பள்ளிச் சீருடையை இரண்டு வருஷத்துக்கு வரட்டும் என்று தொளதொளவென்று தைப்பது போல, 29 அங்குலம் போதுமான பிள்ளைக்கு 31 அங்குலம் வாங்குகிறோம். விலை ஏற ஏற இந்த ஆசையும் ஏறுகிறது: இவ்வளவு கொடுத்துவிட்டு ஒரே வருஷத்தில் சின்னதாகிவிட்டால்? தொளதொளச் சட்டைக்குள் பிள்ளை வளர்ந்துவிடும். கனத்த பேட்டோடு வளரும் பிள்ளை, தாமதமாகச் சுழற்றவும் தோளைச் சாய்த்து இழுக்கவும் கற்றுக்கொள்ளும். அளவு பொருந்தும் நாளில் அந்தப் பழக்கமும் முற்றியிருக்கும். காம்போசிட்டின் விலையே தவறான அளவை வாங்கவைக்கிறது என்பது, அதற்கு எதிரான வாதங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது.

4. குளிரில் ஆட முடியாத பேட்டை வைத்துக்கொண்டு ஏப்ரலில் என்ன செய்வது?

சுமார் 60 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, காம்போசிட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. குளிரில் பந்து இறுகிவிடுகிறது, பிசின் நொறுங்கும் தன்மை கொள்கிறது, பேரல் விரிசல் விடுகிறது. நியூ ஜெர்சியிலோ மிச்சிகனிலோ ஏப்ரல் மாதத்து மாலை ஆட்டத்துக்குப் போர்வையோடு போய் உட்கார்ந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் பொருள் புரியும். பருவத்தின் முதல் வாரங்கள் முழுக்கப் பேட் பையிலேயே இருக்கும்.

பேட்டிங் கேஜில் இயந்திரம் வீசும் குழிகள் பதிந்த பந்துகளும் காம்போசிட்டுக்கு ஆகாது. ஆக, பயிற்சிக்கு ஒரு பேட், குளிருக்கு ஒரு பேட், வெயில் நாள் ஆட்டத்துக்கு மட்டும் இந்த மகாராஜா பேட். பிள்ளை ஒன்றில் பழகி, வேறொன்றில் பரீட்சை எழுதுகிறது. சுழற்சியின் நேரம் கைக்குள் இறங்க ஒரே பேட்டை நூற்றுக்கணக்கான முறை வீச வேண்டிய வயது அது. டெக்சாஸ், புளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இந்த மறுப்பு பாதிதான் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேஜ் பந்துகள் அங்கேயும் அதே பந்துகள்தான்.

5. கை அதிரும் வலி உண்மை. மருந்து ஒன்றுதான் என்பது உண்மை அல்ல.

எதிர்த்தரப்பின் வாதங்களில் நான் மதிப்பது இதை. பந்து சரியான இடத்தில் படாதபோது பேட் வளைந்து அதிர்கிறது. அந்த அதிர்வு, பேட்டில் மேலே பிடித்த கையின் கட்டைவிரல் பக்கம் சுள்ளென்று ஏறும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு முறை அப்படி வலித்தால், மூன்றாவது பந்துக்கு உடம்பே பின்வாங்கும். "வலித்தால்தான் பாடம் வரும்" என்று சொல்வதற்குப் பெற்றோர் தேவையில்லை.

ஆனால் அதிர்வைக் குறைப்பதில் பெரும்பங்கு கைப்பிடிக்கும் அது இணையும் விதத்துக்கும். காம்போசிட் கைப்பிடியில் அலுமினியப் பேரலைப் பொருத்திய கலப்பு பேட்டுகள் பல காலமாக விற்பனையில் இருக்கின்றன. முழுக் காம்போசிட்டின் உச்ச விலையைவிடக் குறைவாகவும் கிடைக்கின்றன. தடித்த பிடிநாடாவும் கையுறையும் இன்னும் மலிவு. அவற்றுக்கெல்லாம் முன்னால், வலிக்கிற பிள்ளையின் பேட் நீளம் சரிதானா என்று பாருங்கள். நீளமான பேட்டோடு பந்துக்கு நெருங்கி நிற்கும் பிள்ளை, கைக்கு அருகில்தான் பந்தை வாங்கும். மூன்றாவது மறுப்பில் சொன்ன தவறு இங்கே வலியாகத் திரும்பி வருகிறது.

6. 'நாள்படும்' என்று சொல்பவர்கள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

லிட்டில் லீக் 1971இல் அலுமினியத்தை அனுமதித்தது. மூன்றாண்டு கழித்துக் கல்லூரி ஆட்டமும் அனுமதித்தது. மரம் உடைகிறது, மாற்றி மாற்றி வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்பதே அன்றைய முக்கியக் காரணம். உடையாத மலிவுப் பேட்டைத் தேடிக் கிளம்பிய ஆட்டம், அரை நூற்றாண்டில் உடையக்கூடிய 400 டாலர் பேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முன்னேற்றம் என்று இதை அழைக்க விரும்புபவர்கள் ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு அழைக்கட்டும்.

உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டு. பிள்ளையின் உயரம் அதற்குள்ளாகவே அடுத்த அளவைக் கேட்கும். டிராப் 10ல் தொடங்கும் பிள்ளை 8க்கும் 5க்கும் இறங்கி வர வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும், முழு மரப் பேட் இல்லையென்றால், டிராப் 3க்கு மிகாத, பிபிகோர் என்ற தரத்தின் முத்திரை உள்ள பேட் கட்டாயம். 2012 முதல் இதுதான் விதி. பத்து வயதில் வாங்கிய பேட் பதினான்கு வயதில் எந்தக் கணக்கிலும் சேராது. தம்பிக்கு வைத்திருக்கலாம் என்றால், தம்பியின் லீக் எந்த முத்திரையைக் கேட்கும், அதுவரை பேரலில் விரிசல் விழாமல் இருக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அண்ணனிடம் பதில் இல்லை.

7. 'மற்றவர்கள் வைத்திருக்கிறார்கள்' என்பது வாதமே அல்ல.

இருந்தாலும் மனத்தை அசைப்பது இதுதான் என்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை கையில் காம்போசிட் வந்ததும் அடுத்த வீட்டுக்கு அது தேவையாகிறது. அடுத்த பருவத்தில் அது தகுதியாகிறது. வாங்க முடியாத குடும்பம் எதுவும் சொல்லாது. பிள்ளைக்கு வேறு விளையாட்டில் ஆர்வம் வந்துவிட்டது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும்.

வாங்கிய வீட்டிலும் விளைவு இல்லாமலில்லை. "400 டாலர் கொடுத்து வாங்கித் தந்தும் மூணு தரம் அவுட்டாகி வர்றியே" என்ற வாக்கியம் காரில் வீடு திரும்பும்போது சொல்லப்பட்டாலும் சரி, சொல்லாமல் முகத்தில் நின்றாலும் சரி, பிள்ளைக்குக் கேட்கும். தன்னம்பிக்கைக்காக வாங்கிய பொருள் கடனாக மாறி, ஒவ்வொரு முறை களமிறங்கும்போதும் வட்டி கேட்கும். தொழில்முறை ஆட்டக்காரர்களே பத்தில் ஏழு முறை தோற்கும் ஆட்டம் இது. அங்கே தோல்வியை விலையோடு முடிச்சுப்போடுவது பிள்ளைக்குச் செய்யும் நல்லதல்ல.

அப்படியானால் காம்போசிட்டே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. கேள்விகளின் வரிசையைத் தலைகீழாக்கியதுதான் பிழை என்கிறேன். முதலில் லீக் கேட்கும் முத்திரை. அடுத்து நீளம். பிறகு, கடையிலேயே பத்து முறை சுழற்றச் சொன்னால் பத்தாவது சுழற்சியும் முதல் சுழற்சி போலவே இருக்கிறதா என்பது. அதன் பின் உங்கள் ஊரின் வானிலை, பயிற்சி நடக்கும் இடம். கடைசியில் பணம். இத்தனைக்கும் பிறகே பொருள் எது என்ற கேள்விக்கு இடம். அளவு சரியாக இருந்து, வெப்பமான ஊரில், மற்ற பேட்டுகளைவிட அது கையில் நன்றாகச் சுழன்று, உடைந்தால் வீட்டில் யார் முகமும் மாறாது என்றால் தாராளமாக வாங்குங்கள்.

இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூடப் பதில் தெரியாமல் "காம்போசிட்தான் பெஸ்ட்" என்பவர், கடைக்காரரானாலும் கோச் ஆனாலும், உங்கள் பிள்ளையைப் பற்றி இன்னும் பேசத் தொடங்கவே இல்லை. அவரிடம் நன்றி சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் பொருந்தும் 100 டாலர் அலுமினியத்தை எடுங்கள். மிச்சமாகும் காசில் ஒரு வாளி பந்தும், பந்தை நிறுத்தி அடிக்க ஒரு டீயும், தடுக்க ஒரு வலையும் வாங்கலாம். வாரத்துக்கு நூறு பந்து கூடுதலாக அடித்த பிள்ளைக்கு எதிரே, 400 டாலர் பேட்டோடு வரும் பிள்ளைதான் இனி தன் பேட்டை நியாயப்படுத்த வேண்டியிருக்கும்.